அலர்ட்டுக்காக வாங்கினோம், வரைபடத்துக்காக வைத்திருக்கிறோம்

சப்ளையர் ரிஸ்க்கைக் கண்காணிக்கும் சந்தா சேவை ஒன்றை 2023 நடுவிலிருந்து பயன்படுத்தி வருகிறோம். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் சேவையின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் சேர்வதற்கு முன் நான்கு கம்பெனிகளின் டெமோ பார்த்தோம், நான்கும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஒரு உலக வரைபடம், அதில் உங்கள் சப்ளையர்கள் புள்ளிகளாக இருப்பார்கள், எங்காவது வெள்ளம், தீ, துறைமுக வேலைநிறுத்தம் என்று ஏதாவது நடந்தால் அலர்ட் வரும், ஒவ்வொரு சப்ளையருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மார்க் இருக்கும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

முதலில் எங்கள் நிலைமை. பம்புகளுக்கான கண்ட்ரோல் பேனல் செய்கிற நடுத்தரக் கம்பெனி. சுமார் 1,400 பார்ட் நம்பர், 210 சப்ளையர், பர்ச்சேஸில் நாங்கள் ஐந்து பேர். இந்தச் சேவையை நோக்கி எங்களைத் தள்ளியது ஒரு ரப்பர் கேஸ்கெட். பேனல் கதவின் உள் விளிம்பைச் சுற்றி ஒட்டுகிற கறுப்புப் பட்டை, தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் காப்பது. விலையில் பேனலின் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதற்கு இரண்டு சப்ளையர் வைத்திருந்தோம், ஆடிட்டில் கேட்டால் "இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்று தைரியமாகச் சொல்வோம். ஒரு வாரம் ஒருவர் தரவில்லை, சரி என்று மற்றவரைக் கூப்பிட்டால் அவரும் இல்லை என்கிறார். விசாரித்தால் இருவருமே ரப்பர் கலவையை ஒரே மிக்சிங் ஆலையில் வாங்குகிறார்கள், அங்கே பாய்லர் பழுது. 11 நாள் லைன் நின்றது. வேலை முடிந்த 340 பேனல்கள் ரேக்கில் கதவு திறந்தபடியே நின்ற காட்சி இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. உள்ளே எல்லாம் தயார், வயரிங் டெஸ்ட்டும் முடிந்துவிட்டது, கதவைச் சாத்தத்தான் முடியவில்லை.

அதற்கப்புறம்தான் நிர்வாகம் இந்தச் சந்தாவுக்குச் சம்மதித்தது. "இனி எது நடந்தாலும் நமக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்" என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. டெமோ காட்டியவரும் அலர்ட்டைத்தான் முன்னால் வைத்து விற்றார். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வாரத்தில் வந்த அலர்ட் 412. அதில் எங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டியதாக இருந்தது மூன்று. மீதி எல்லாம் எங்கோ மழை, எங்கோ ஊர்வலம், எங்கள் சப்ளையர் பெயரையே வைத்திருக்கும் வேறொரு கம்பெனியின் வழக்குச் செய்தி. இதைவிடப் பெரிய தவறு ஒன்றைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு வாரம் ஆனது: சேவை எடுத்துக்கொண்டது இன்வாய்ஸில் உள்ள முகவரியை. அது பல சப்ளையர்களுக்குப் பதிவு அலுவலக முகவரி, கணக்குப் பார்க்கிற இரண்டு பேர் உட்காரும் அறை. ஆலை இருப்பது வேறு ஊரில், சில பேருக்கு வேறு நாட்டிலேயே. அலுவலகத்துத் தெருவில் தண்ணீர் நின்றால் சிவப்பு விளக்கு எரியும், ஆலையே முழுகினாலும் பச்சைதான். 210 பேருக்கும் போன் போட்டு, "உற்பத்தி எங்கே நடக்கிறது, குடோன் எங்கே, எந்தத் துறைமுகம் வழியாக வருகிறது" என்று கேட்டுக் கையால் திருத்தினோம். இரண்டு மாத வேலை. இதைச் சேவைக்காரர்கள் செய்து தருவார்கள் என்று நம்பி வாங்காதீர்கள், சப்ளையரின் ஆலை முகவரி சப்ளையருக்கும் உங்களுக்கும்தான் தெரியும். திருத்திய பிறகு வாரத்துக்கு ஐந்தாறு அலர்ட், அவை படிக்கத் தகுந்தவை.

நியாயமாகச் சொன்னால் நல்ல அலர்ட்டும் வந்தது. ஒரு துறைமுகத்தில் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்த செய்தி எங்கள் சரக்கு ஏஜென்ட்டின் மெயிலுக்கு ஒன்பது நாள் முன்பே வந்துவிட்டது. அந்த ஒன்பது நாளில் ஒரு கன்டெய்னரை வேறு துறைமுகத்துக்குத் திருப்பினோம், கான்டாக்டர் என்கிற மின் சுவிட்சுகளில் அவசரமானதை மட்டும் பிரித்து விமானத்தில் அனுப்பச் சொன்னோம். பலன் இருந்தது. ஆனால் அந்த அலர்ட்டைப் பார்த்த காலையிலேயே ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்ததால்தான் பலன் இருந்தது.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஆல்புகர்க்கி ஞாபகம் வரும். 2000 மார்ச் 17, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பிலிப்ஸின் சிப் ஆலையில் மின்னலால் ஒரு சின்னத் தீ. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள், ஆனால் புகையும் தண்ணீரும் தூசியே ஆகாத சுத்த அறைகளைக் கெடுத்துவிட்டன. நோக்கியா, எரிக்சன் இரண்டுமே அந்த ஆலையின் வாடிக்கையாளர்கள், ஒரு வாரம் தாமதமாகும் என்ற அதே தகவல்தான் இருவருக்கும் போனது. நோக்கியா அந்த "ஒரு வாரத்தை" நம்பாமல் தினமும் விசாரித்தது, நிலைமை மோசம் என்று தெரிந்ததும் பிலிப்ஸின் மற்ற ஆலைகளிலும் வேறு உற்பத்தியாளர்களிடமும் போய் சிப்பைப் பிடித்துக்கொண்டது. எரிக்சன் விழித்தபோது போக இடமில்லை, அந்த வருடம் சுமார் 40 கோடி டாலர் விற்பனை போனது. செய்தி இருவருக்கும் கிடைத்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதனால் அலர்ட் எவ்வளவு வேகமாக வருகிறது என்று டெமோவில் கேட்பதைவிட, அலர்ட் வந்த மறுநாள் உங்கள் கம்பெனியில் யார் கையெழுத்துப் போட்டால் கூடுதல் செலவு செய்யலாம் என்று உங்களையே கேட்டுக்கொள்வது நல்லது. எங்களிடம் அதற்குப் பதில் இல்லாமல் இருந்தது. இப்போது ஒரு வரம்பு வரை பர்ச்சேஸ் மேனேஜரே முடிவெடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

இனி வரைபடம். சப்ளையருக்குச் சப்ளையர், அவருக்குச் சப்ளையர் என்று அடுக்கடுக்காகப் போடுகிற பகுதி. டெமோவில் இதை இரண்டு நிமிடம்தான் காட்டினார்கள். சேவையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது சொல்வேன்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 2011 நல்ல உதாரணம். கார் பெயின்டில் மினுமினுப்பு தரும் ஸிராலிக் என்ற நிறமி, அப்போது ஜெர்மனியின் மெர்க் கம்பெனியுடையது, உலகத்துக்கே ஒரே ஆலையில், ஜப்பானின் ஒனஹாமாவில் தயாரானது. மார்ச் 11 பூகம்பமும் சுனாமியும் வந்து அந்த ஆலை நின்றதும், ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு நிறங்களில் கார் ஆர்டர் எடுப்பதையே கட்டுப்படுத்த வேண்டி வந்தது. கார் கம்பெனி நிறமி வாங்குவதில்லை, பெயின்டைத்தான் வாங்குகிறது, பெயின்ட்டுக்குப் பல சப்ளையர்கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் பாதுகாப்பாகத் தெரியும், கீழே போகப் போக எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் முடியும். எங்கள் கேஸ்கெட்டும் இதே கதைதான், அளவில் சிறியது.

சேவையில் 40 முக்கியச் சப்ளையர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பலாம், பதில் வந்தால் வரைபடம் தானாக விரியும் என்றார்கள். அனுப்பினோம். 74 கேள்வி. மூன்று வாரத்தில் நான்கு பேர் நிரப்பினார்கள். பேனலுக்குள் வயர்களை இணைக்கும் டெர்மினல் பிளாக் தருகிற ஒருவரைக் கூப்பிட்டேன். "சார், இதை நிரப்ப என்கிட்ட ஆள் இல்லை. அதுவும் நான் எங்கே வாங்குறேன்னு எழுதிக் கொடுத்தா, நாளைக்கு நீங்க நேரா அங்கேயே போயிட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். ஒரு சிறிய தொழில் செய்கிறவருக்கு அவர் யாரிடம் வாங்குகிறார் என்பதுதான் சொத்து.

சேவையின் கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு ஆறே கேள்வி வைத்தோம். ஆலை எங்கே, மூலப்பொருள் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது, உங்களுக்கு வெளியே செய்து வாங்கும் வேலை ஏதாவது உண்டா, முக்கிய மிஷின் நின்றால் திரும்ப எத்தனை நாள், கையில் எத்தனை நாள் ஸ்டாக், டை (பாகத்தை வார்க்கும் அச்சு) யாரிடம் இருக்கிறது. கூடவே, "உங்களைத் தாண்டி உங்கள் சப்ளையரிடம் இத்தனை வருடத்துக்கு நேரடியாக வாங்க மாட்டோம்" என்று எங்கள் லெட்டர்ஹெட்டில் கடிதம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் ஊர் மட்டும் போதும் என்றோம். 40 பேரில் 33 பேர் பதில் சொன்னார்கள், பாதிக்கு மேல் போனில்தான். நாங்களே உட்கார்ந்து வரைபடத்தில் ஏற்றினோம்.

ஏற்றி முடித்த அன்று திரையில் பார்த்தது: டெர்மினல் பிளாக் தரும் மூன்று பேரின் கோடும் ஒரே புள்ளியில் போய்ச் சேருகிறது. மூவருமே பித்தளைத் துண்டுகளுக்கு முலாம் பூச ஒரே பிளேட்டிங் பட்டறைக்குத்தான் அனுப்புகிறார்கள். அது மூவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எக்செல்லில் வைத்திருந்தால் மூன்று தனித்தனி வரியாகவே இருந்திருக்கும், என்றைக்கும் கண்ணில் பட்டிருக்காது. இதற்காகவே சந்தா பணம் தகும் என்று எங்கள் குழுவில் அன்று எல்லோருக்குமே தோன்றியது. இப்போது மூவரில் ஒருவர் வேறொரு பட்டறையிலும் பூசி வாங்குகிறார், அதற்கான சாம்பிள் சோதனைச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

கடைசிக் கேள்வியான டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர், அச்சில் வார்க்கிற எதுவாக இருந்தாலும், இரண்டாவது சப்ளையர் என்று பெயரளவில் ஒருவரை வைத்துக்கொண்டு, டை மட்டும் முதல் சப்ளையரிடம் இருந்தால் உங்களுக்கு இரண்டாவது சப்ளையரே இல்லை. எங்களுக்கு அப்படி ஒன்பது பாகங்கள் இருந்தன. இதைப் பதிய இந்தச் சேவையில் ஒரு கட்டம்கூட இல்லை! கார்பன் பற்றி, சைபர் பாதுகாப்பு பற்றி, கொள்கை ஆவணங்கள் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, டை யாரிடம் என்று கேட்க இடமில்லை. ரிமார்க்ஸில் எழுதி வைக்கிறோம், ரிமார்க்ஸைத் தேடவோ வடிகட்டவோ முடியாது. இரண்டு தடவை கேட்டுவிட்டோம், இன்னும் வரவில்லை.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்த திரை. ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு எண் காட்டும்: அந்தச் சப்ளையர் நின்றால் திரும்ப எழ எத்தனை நாள், அவர் இல்லாமல் நாம் எத்தனை நாள் தாங்குவோம். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் சிவப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லீவியின் குழு ஃபோர்டுடன் சேர்ந்து செய்து 2014-ல் வெளியிட்ட முறையை ஒட்டியது இது. இதன் அழகு, எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கத் தேவையில்லாதது. பூகம்பமா, திவாலா, பாய்லரா, எதுவாக இருந்தாலும் நின்றால் என்ன ஆகும் என்பதை மட்டும் பார்க்கிறது. ஃபோர்டில் விலை மலிந்த பல பாகங்கள்தான் நின்றால் பெரிய அடி கொடுக்கும் என்று தெரியவந்தது. எங்களுக்கும் அப்படியே. அதிக விலையுள்ள டிரைவ்கள், டிரான்ஸ்ஃபார்மர்கள் எல்லாம் பச்சை, ஏனென்றால் அவற்றை முன்பே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேஸ்கெட்டுக்கு 25, 9. அதாவது திரும்ப எழ 25 நாள், கையில் 9 நாள் சரக்கு. கேபிள் கிளாண்ட், பெயர்ப் பலகைக்கான ஸ்டிக்கர், ஒரு சின்ன ஸ்பிரிங், எல்லாம் சிவப்பு.

அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டாக்கைப் பத்து நாள் குறைத்தோம், அதில் விடுபட்ட பணத்தின் ஒரு பகுதியிலேயே சிவப்பாக இருந்த 61 பாகங்களில் 50-க்கு மேல் பச்சைக்கு வந்துவிட்டன. ஸ்டாக் கூட்டினால் பணம் முடங்கும் என்று பயப்படுகிற நிதித் துறைக்கு இந்தத் திரையைக் காட்டுங்கள், நாங்கள் அரை மணி நேரத்தில் ஒப்புதல் வாங்கினோம்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, எங்களைக் கடித்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் பத்து நாள், இரண்டு வாரம் நீண்டது. சேவை இதை உடனே அலர்ட்டாகவும் சொன்னது, அதன் திரையில் பயண நாளையும் மாற்றிக் காட்டியது. ஆனால் ஆர்டர், ஸ்டாக் எல்லாம் ஓடுகிற எங்கள் ஈஆர்பி சாஃப்ட்வேரில் லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேரும் நாள், பழைய 35-ஆகவே இருந்தது. இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. "இணைப்பு உண்டு" என்று விற்கும்போது சொன்னது பார்ட் பட்டியலை அங்கிருந்து எடுக்கத்தான், திருப்பி எழுத இல்லை. ஆர்டர் பழைய நாள் கணக்கிலேயே போய், மூன்று பொருள்கள் கடலில் இருக்கும்போதே இங்கே தீர்ந்துவிட்டன. லீட் டைமைக் கையால் மாற்ற வேண்டும் என்று நமக்கே தோன்றியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் டெமோவில் "எந்தத் திசையில் இணைப்பு" என்று அழுத்திக் கேளுங்கள்.

இரண்டாவது, சிக்கல் வந்தால் "ஆர்டரை இத்தனை சதவீதம் கூட்டுங்கள்" என்று அது தரும் ஆலோசனை. இதை அணைத்து வைத்துவிட்டோம். ஒரே செய்தியைப் பார்த்து எல்லா வாடிக்கையாளரும் ஒரே நேரத்தில் ஆர்டரைக் கூட்டினால் சப்ளையருக்கு உண்மையான தேவை எது, பயம் எது என்று தெரியாமல் போகும், தட்டுப்பாடு இன்னும் மோசமாகும், அப்புறம் ஆறு மாதம் கழித்து எல்லோர் குடோனிலும் சரக்கு தேங்கும். மேலே சின்ன அசைவு கீழே போகப் போகப் பெரிய அலையாகும் என்று எம்ஐடி பேராசிரியராக இருந்த ஜே ஃபாரஸ்டர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். இவ்வளவு பேருக்குச் சேவை செய்கிற ஒருவர் அதைத் தூண்டுவது சரியில்லை.

மூன்றாவது கட்டண முறை, இதுதான் எனக்குக் கோபமே வரவைத்தது. வரைபடத்தில் ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று கணக்கு. 210-ஆக இருந்தது, அடுக்கடுக்காகத் தோண்டித் தோண்டி நாங்களே தகவல் திரட்டி ஏற்றியதும் 380 ஆனது, புதுப்பிக்கும்போது அதற்கேற்ப பில் வந்தது. அவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்ததல்ல, எங்கள் ஆட்கள் போன் போட்டுச் சேர்த்தது. இந்த முறையில் பணம் மிச்சம் பிடிக்க நினைக்கிறவர் கீழே தோண்டாமலே நிறுத்திவிடுவார், அதாவது ரிஸ்க் இருக்கும் இடத்துக்குப் போகவே மாட்டார். பேசி, இரண்டாம் அடுக்குக்குக் கீழே உள்ள புள்ளிகளுக்குக் கட்டணமில்லை என்று எழுதி வாங்கினோம். கேட்டால் தருகிறார்கள், கேட்க வேண்டும்.

அதோடு, ஏற்றிய தரவு யாருக்கெல்லாம் தெரியும் என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். நம்பிக்கையின் பேரில் சப்ளையர் சொன்ன விவரம் அது. எங்கள் முதல் வரைவில், "சேவையை மேம்படுத்தப் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி இருந்தது, எடுக்கச் சொன்னோம், எடுத்தார்கள். சந்தாவை நிறுத்தினால் வரைபடம் முழுவதையும் எக்செல்லாக எடுத்துக்கொள்ள முடியுமா என்பதையும் சோதித்துப் பாருங்கள், எங்களுக்குப் புள்ளிகள் வந்தன, புள்ளிகளுக்கு இடையே உள்ள கோடுகள் வரவில்லை, இரண்டு மாதம் கழித்துச் சரிசெய்தார்கள்.

சப்போர்ட் நன்றாக இருக்கிறது. எங்களுக்கு ஒதுக்கிய அம்மா முன்பு கப்பல் ஏஜென்சியில் இருந்தவராம், பில் ஆஃப் லேடிங் (கப்பலில் ஏற்றிய சரக்குக்கான ரசீது) என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. சப்ளையருக்குத் தரும் மார்க்கை நாங்கள் பார்ப்பதே இல்லை, பாலிசி ஆவணம் வைத்திருப்பவருக்கு 90, ஒழுங்காகச் சரக்கு அனுப்புகிற சின்னப் பட்டறைக்கு 40.

எந்தச் சேவையிலும் கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. 1997 பிப்ரவரி 1, டொயோட்டாவுக்கு பிரேக் வால்வு தந்த அய்சின் ஆலை எரிந்தது. கிட்டத்தட்ட மொத்த வால்வும் அங்கிருந்துதான், கையில் இருந்தது சில மணி நேரச் சரக்கு. ஆனால் 200-க்கும் மேற்பட்ட கம்பெனிகள், சில அந்த வால்வையே அதற்குமுன் செய்யாதவை, வால்வின் டிராயிங்கை வாங்கிக்கொண்டு கிடைத்த மிஷினில் செய்து கொடுத்து, ஒரு வாரத்துக்குள் உற்பத்தி திரும்ப ஓடத் தொடங்கியது. அத்தனை பேர் ஓடி வந்தது பல வருட உறவால். எங்கள் கேஸ்கெட் காலத்தில் பழைய சப்ளையர் ஒருவர், நாங்கள் ஆர்டரை நிறுத்திவிட்டவர், கேட்டதும் தன்னிடம் இருந்த இரண்டு பெட்டியை அனுப்பி வைத்தார். இப்போது அவருக்கும் மாதம் ஒரு சிறிய ஆர்டர் போகிறது.

யாருக்குச் சொல்வேன் என்றால்: 100 சப்ளையருக்கு மேல் இருந்து, இதற்கென்று ஒருவரையாவது பாதி நேரம் ஒதுக்க முடிந்தால் வாங்குங்கள். 30, 40 சப்ளையர்தான் என்றால் வேண்டாம், ஆறு கேள்வியும் ஒரு பெரிய வெள்ளைத் தாளும் போதும், தாளில் கோடு போட்டுப் பாருங்கள், ஒரே புள்ளி அங்கேயும் தெரியும். அலர்ட்டுக்காக மட்டும் என்றால் யாருமே வாங்க வேண்டியதில்லை.

நாங்கள் அடுத்த மாதம் மீண்டும் புதுப்பிக்கிறோம், அலர்ட்டை 60 சப்ளையர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வரைபடத்தை முழுதாக. கேஸ்கெட் இப்போது இரண்டு வேறு மிக்சிங் ஆலைகளின் கலவையில் வருகிறது. நேற்று பார்த்தபோது அதன் எண்கள் 25, 32.